சந்தை விழுந்திருக்கிறது, கடன் வாங்கிப் பங்கு வாங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 32. சிங்கப்பூரில் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வெளிநாட்டவர் வேலை அனுமதியில் பொறியாளர் வேலை, மாதச் சம்பளம் 6,500 வெள்ளி. மனைவி, இரண்டு வயதுக் குழந்தையோடு செங்காங்கில் வாடகை வீடு. கையிருப்பு 24,000 வெள்ளி. சந்தை நன்றாக இறங்கிவிட்டது, உள்ளூர் வங்கிப் பங்குகளின் ஈவுத்தொகை, அதாவது லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் பணம், இன்றைய விலைக்கு ஐந்தரை விழுக்காடு வருகிறது. உங்கள் வங்கி 3.7 விழுக்காட்டில் மூன்று வருட பர்சனல் லோன் தருவதாகக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறது. இன்னொரு 24,000 கடன் வாங்கி மொத்தம் 48,000-க்குப் பங்கு வாங்கிப் போட்டால் ஈவுத்தொகையே வட்டியைக் கட்டிவிடாதா, இல்லை பங்குகளையே ஈடாக வைத்துத் தரகு நிறுவனத்திடம் கடன் வாங்கும் மார்ஜின் கணக்கு திறப்பது இதைவிட மேலா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம் தம்பி. லோனும் வேண்டாம், மார்ஜினும் வேண்டாம்.

சந்தை இன்னும் இறங்கும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வாரமே ஏறினாலும் ஏறும். நீங்கள் பார்த்துவைத்திருக்கும் பங்குகளும் மோசமானவை அல்ல. நான் சொல்வது வேறு. சொந்தப் பணத்தில் வாங்கிய பங்கை எப்போது விற்பது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். கடனில் வாங்கிய பங்கை எப்போது விற்பது என்பதை உங்கள் தவணைத் தேதியும், தரகு நிறுவனமும், சில சமயம் உங்கள் முதலாளியும் முடிவு செய்வார்கள். விழுந்த சந்தை எழுந்திருக்கும்வரை காத்திருந்தவர்களுக்குத்தான் அந்தக் குறைந்த விலையால் லாபம். அப்படிக் காத்திருக்கும் உரிமையைக் கடன் வாங்கும்போதே கொடுத்துவிடுகிறீர்கள்.

முதலில் அந்த 3.7-ஐப் பார்ப்போம். அது முழுக் கடனுக்கும் மூன்று வருடமும் போடும் வட்டி. 24,000-க்கு வருடம் 888, மூன்று வருடத்துக்கு 2,664. மொத்தம் 26,664 வெள்ளியை 36 மாதத்தில் கட்ட வேண்டும், மாதம் 741. ஆனால் முதல் மாதத்திலிருந்தே அசலையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். இரண்டாம் ஆண்டின் நடுவில் உங்கள் கையில் இருப்பது பாதிக் கடன்தான், வட்டியோ முழுக் கடனுக்கும் போட்டது. மீதமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் ஏறக்குறைய 7 விழுக்காடு வரும். வங்கி விளம்பரத்தில் சின்ன எழுத்தில் ஈ.ஐ.ஆர். என்று ஒரு எண் இருக்கும். கடனின் உண்மையான விலை அந்த எண்தான். அதைப் பார்க்காமல் எந்த லோனையும் தொடாதீர்கள்.

நீங்கள் போட்ட கணக்கு இப்படி இருந்திருக்கும்: 24,000-க்கு ஐந்தரை விழுக்காடு என்றால் வருடம் 1,320, மூன்று வருடத்துக்கு 3,960. வட்டி 2,664 மட்டும். ஆகவே லாபம். கூட்டல் சரிதான். ஆனால் மாதம் 741 கட்டக் கட்ட, அந்தப் பங்குகளில் ஒரு பகுதி உங்கள் சம்பளப் பணத்தில் வாங்கியதாக மாறிக்கொண்டே வருகிறது. அந்தப் பகுதிக்கு வரும் ஈவுத்தொகை உங்கள் சொந்தப் பணம் சம்பாதித்தது, அதைக் கடனின் லாபத்தில் சேர்க்கக் கூடாது. கடனில் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், 7 கொடுத்து ஐந்தரை வாங்குகிறீர்கள். மீதியை விலை ஏற்றம்தான் ஈடு செய்ய வேண்டும்.

அந்த ஐந்தரையும் எழுதிக் கொடுத்த வாக்குறுதி இல்லை. 2020 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையம், உள்ளூர் வங்கிகள் அந்த ஆண்டின் ஈவுத்தொகையை 2019-ல் கொடுத்ததில் 60 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. டிபிஎஸ் காலாண்டுக்கு 33 காசு கொடுத்துக்கொண்டிருந்தது, அது 18 காசானது. வங்கி லாபத்தில்தான் இருந்தது. கடன்கள் வாராமல் போகும் காலத்துக்குக் கையில் முதல் இருக்கட்டும் என்று ஆணையம் நினைத்தது, அது நியாயமான முடிவும்கூட. ஆனால் ஈவுத்தொகையை நம்பித் தவணை கட்டிக்கொண்டிருந்தவருக்கு, மாதம் 110 வந்த இடத்தில் 60 வந்தது. தவணை 741-ல் ஒரு வெள்ளி குறையவில்லை.

அதைவிட மோசமானது உரிமைப் பங்கு, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவருக்கே புதிய பங்கை விற்பது. சந்தை சரியும்போது நிறுவனங்கள் ஈவுத்தொகையைக் குறைப்பதோடு நிற்பதில்லை, உங்களிடமே பணம் கேட்கும். 2008 டிசம்பரில் டிபிஎஸ், கையிலுள்ள இரண்டு பங்குக்கு ஒரு புதிய பங்கு, விலை 5 வெள்ளி 42 காசு என்று அறிவித்து ஏறக்குறைய 400 கோடி வெள்ளி திரட்டியது. 1,000 பங்கு வைத்திருந்தவர் 2,710 வெள்ளி கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் உரிமையை விற்றுவிட்டுத் தன் பங்கு சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2009-ல் கேப்பிட்டாலேண்ட், 2020-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று பெரிய பெயர்களெல்லாம் இதைச் செய்திருக்கின்றன. அந்த உரிமைப் பங்குகளைக் குறைந்த விலையில் எடுத்தவர்கள் பின்னால் நன்றாகச் சம்பாதித்தார்கள். எடுத்தவர்கள் யார்? கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள். கடனில் முழுசாக இறங்கியவரிடம் அந்த நேரத்தில் என்ன இருக்கும்?

சரி, இப்போது நான் முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். இந்த லோனை எடுக்க நினைக்கிறீர்கள் என்றால், உங்களால் மாதம் 741 வெள்ளி கட்ட முடியும் என்றுதான் அர்த்தம். அப்படியானால் லோன் எடுக்காமல் அதே 741-க்கு மாதாமாதம் பங்கு வாங்கலாமே? 36 மாதத்தில் அதே 26,664 உங்கள் பையிலிருந்து போகும், அவ்வளவும் பங்காக மாறும், 2,664 வட்டி மிச்சம். லோன் உங்களுக்குப் புதிதாகப் பணம் எதையும் தருவதில்லை. அடுத்த மூன்று வருடச் சேமிப்பை இன்றைக்கே, இன்றைய விலையில் போட வைக்கிறது. ஆகவே உண்மையான கேள்வி இதுதான்: இன்றைய விலை, அடுத்த 36 மாத விலைகளின் சராசரியைவிடக் கணிசமாகக் குறைவு என்று உங்களுக்குத் தெரியுமா?

2008 ஜனவரியில் இருந்தவர்களுக்கும் அது தெரிந்த மாதிரிதான் இருந்தது. சிங்கப்பூரின் பெரிய பங்குகளை அளக்கும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு 2007 அக்டோபரில் 3,800-ஐத் தாண்டி உச்சம் தொட்டது. மூன்று மாதத்தில் 3,000-க்குக் கீழே வந்துவிட்டது. கால்வாசி விலை குறைந்துவிட்டது, இதற்கு மேல் என்ன விழப்போகிறது என்று நிறையப் பேர் இறங்கினார்கள். நானும் அன்றைக்கு மலிவு என்றுதான் நினைத்தேன். 2008 கடைசியில் குறியீடு 1,761. 2009 மார்ச்சில் 1,450-களைத் தொட்டது. கால்வாசி இறங்கிய பிறகு வாங்கியவருக்கு, வாங்கிய விலையில் இன்னும் பாதி போயிற்று. அப்புறம் சந்தை வேகமாக எழுந்தது, 2009 கடைசியில் 2,897. அதாவது 2008 ஜனவரியில் மொத்தமாக வாங்கியவர் இரண்டு வருடம் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார், வட்டி தனி. அதே இரண்டு வருடமும் மாதாமாதம் வாங்கிக்கொண்டே வந்தவர், 2,000-க்குக் கீழேயும் 1,500-க்குப் பக்கத்திலும் பல மாதம் வாங்கியிருப்பார். அவருக்கு நல்ல லாபம். இருவரும் வாங்கியது அதே பங்குகள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 2007 உச்சத்தைக் குறியீடு மறுபடி தாண்டியது 2025 தொடக்கத்தில். பதினேழு வருடம். இடையில் ஈவுத்தொகை வந்துகொண்டிருந்தது, அதைச் சேர்த்தால் நிலைமை இவ்வளவு மோசம் இல்லை. ஆனால் எந்த வங்கியும் பதினேழு வருடத்துக்குப் பர்சனல் லோன் கொடுப்பதில்லை.

கடன் வாங்கி ஜெயித்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். 2020 மார்ச் 23-ஆம் தேதி குறியீடு 2,233. அன்றைக்கு யாராவது கடனில் வாங்கியிருந்தால், அந்த வருடக் கடைசியில் 2,843-ல் சிரித்துக்கொண்டிருந்திருப்பார். ஆனால் அந்த நாளை நினைத்துப் பாருங்கள். சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கம் தொடங்க இரண்டு வாரம் இருந்தது, கடை கண்ணி எதுவும் நிச்சயமில்லை, விமானங்கள் தரையில் நின்றன, சம்பளம் குறையுமா வேலை நிற்குமா என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு. அன்றைக்கு 24,000 கடன் வாங்க உங்களுக்குக் கை வந்திருக்குமா? அன்றுதான் அடிமட்டம் என்று தெரிந்தது எல்லாம் பிறகுதான்.

இனி மார்ஜின். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2008-ல் நான் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் கடன் கணக்குகளைக் கண்காணிக்கும் பிரிவில் இருந்தேன். மார்ஜின் கால் என்று நீங்கள் கேள்விப்படும் அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

வேலை எளிது. சந்தை மூடியதும் ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பங்குகளின் மதிப்பு எவ்வளவு, நம்மிடம் வாங்கிய கடன் எவ்வளவு, பங்குகளின் மதிப்பு கடனில் எத்தனை விழுக்காடு என்ற விகிதம் எவ்வளவு. இங்கே பொதுவான நடைமுறையில் விகிதம் 140-க்குக் கீழே போனால் கூப்பிட்டுப் பணம் கேட்போம், இரண்டு சந்தை நாள் அவகாசம். 130-க்குக் கீழே போனால் அவரைக் கேட்காமலே பங்கை விற்கலாம், அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமே அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கும்.

ஈசூனில் மளிகைக் கடை வைத்திருந்த ஓர் அண்ணன் எங்கள் வாடிக்கையாளர். தமிழில் பேசுவார் என்பதால் அவர் கணக்கை என்னிடம் கொடுத்திருந்தார்கள். கெட்டிக்காரர், நிதானமானவர். உப்புமா கம்பெனிப் பங்கு எதையும் தொட்டதில்லை. வங்கி, கப்பல் பட்டறை, தொலைத்தொடர்பு என்று பெரிய பங்குகள்தான். சந்தை இறங்க இறங்க மார்ஜினில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தார்.

2008 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. அன்று ஒரே நாளில் குறியீடு 8 விழுக்காட்டுக்கு மேல் விழுந்து 1,600-ல் நின்றது. அடுத்த திங்கட்கிழமை தீபாவளி. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 138 என்று இருந்தது. கூப்பிட்டேன். பின்னால் கடையின் தீபாவளிக் கூட்டம் கேட்கிறது, யாரோ முறுக்கு மாவு எங்கே என்று கேட்கிறார்கள், அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே அலமாரியைக் காட்டிப் பதில் சொல்கிறார். நான் தொகையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "தம்பி, தீபாவளி முடியட்டுமே" என்றார். சந்தைக்குத் திங்கள் விடுமுறை, செவ்வாய் புதன் இரண்டு நாள் இருக்கிறது என்றேன். அந்தத் திங்கட்கிழமை ஹாங்காங் சந்தை 12 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. அவர் வீட்டில் அன்றைக்கு எண்ணெய்க் குளியல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. செவ்வாய் காலை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். சட்டைக் கையில் கடலை மாவு ஒட்டியிருந்தது. காசோலையை நீட்டினார், அரிசி மொத்த வியாபாரிக்கு எடுத்துவைத்த பணம் என்றார்.

அந்தப் பணம் நான்கு மாதம் தாங்கியது. நடுவில் மனைவியின் சங்கிலி சிராங்கூன் ரோட்டு அடகுக் கடைக்குப் போயிற்று. 2009 மார்ச் முதல் வாரத்தில் விகிதம் 130-க்குக் கீழே போனது, நிறுவனம் விற்றுவிட்டது. அதற்கு அடுத்த சில நாளில்தான் சந்தை அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பியது. ஒன்பது மாதத்தில் குறியீடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அந்த அண்ணன் பங்குகளைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் வைத்திருந்த பெரும்பாலான பங்குகள் பிறகு நன்றாக ஏறின. அவர் கணிப்பு சரி, அவரிடம் பொறுமையும் இருந்தது. அந்தப் பொறுமையைப் பயன்படுத்தும் உரிமை அவரிடம் இல்லை. இந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். சொந்தப் பணம் 24,000, மார்ஜின் கடன் 48,000, மொத்தம் 72,000-க்குப் பங்கு. விகிதம் 150. பங்கு 67,200-க்கு வந்தால் போன் வரும், அது வெறும் 6.7 விழுக்காடு இறக்கம். 2025 ஏப்ரல் 7-ஆம் தேதி, அமெரிக்க வரி அறிவிப்புக்குப் பிறகு, நம் குறியீடு ஒரே நாளில் 7 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. ஒரே ஒரு திங்கட்கிழமை போதும். 62,400-க்கு வந்தால் விற்றுவிடுவார்கள், உங்களுக்கு மிஞ்சுவது 14,400.

நான் அவ்வளவு பேராசைக்காரன் இல்லை, பாதிக்குப் பாதிதான் என்பீர்கள். 24,000 சொந்தம், 24,000 கடன். அப்போது 30 விழுக்காடு இறங்கினால் போன், 35 விழுக்காடு இறங்கினால் விற்பனை. விற்ற பின் கையில் 7,200. சந்தை 35 போனது, உங்களுக்குப் போனது 70. அவ்வளவெல்லாம் இறங்காது என்று தோன்றினால் இதையும் கேளுங்கள்: வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு 2017-ஆம் ஆண்டுக்காக எழுதிய கடிதத்தில், தன் பெர்க்ஷயர் ஹாத்வே பங்கே நான்கு முறை எவ்வளவு விழுந்தது என்று ஓர் அட்டவணை போட்டிருந்தார். 1973 முதல் 75-க்குள் 59 விழுக்காடு, 1987-ல் சில வாரத்தில் 37, 1998 முதல் 2000-க்குள் 49, 2008-09-ல் 51. கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர்கள் என்பதற்கு ஆதாரமாகத்தான் அதைப் போட்டார். பாதிக்குப் பாதி மார்ஜினில் அந்தப் பங்கை வைத்திருந்தவர், இங்குள்ள விதிப்படி நான்கு முறையும் வெளியே தள்ளப்பட்டிருப்பார். உலகத்தின் மிகச் சிறந்த பங்குகளில் ஒன்றை வைத்திருந்தும்.

தனிப் பங்குகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எந்தப் பங்கை எவ்வளவு மதிப்புக்கு ஏற்றுக்கொள்வது என்பதைத் தரகு நிறுவனம் எந்த நேரமும் மாற்றலாம். நேற்றுவரை ஈடாக எடுத்துக்கொண்ட பங்கை இன்றைக்கு வேண்டாம் என்றால், விலை இறங்காமலே உங்கள் விகிதம் சரிந்துவிடும். 2013 அக்டோபரில் புளூமோன்ட், ஏஷியாசன்ஸ், லயன்கோல்டு என்ற மூன்று பங்குகள் நொறுங்கி ஏறக்குறைய 800 கோடி வெள்ளி மதிப்பு அழிந்ததே, அதற்குப் பின்னால் பெரிய மோசடி இருந்தது என்று பிறகு நீதிமன்றத்தில் நிரூபணமானது. ஆனால் அதில் மாட்டிக்கொண்ட சாதாரண ஆட்களில் பலர் கையில் காசில்லாமல், மார்ஜினிலும், பணம் கட்ட வேண்டிய நாளுக்குள் விற்றுவிடலாம் என்று வாங்கும் கான்ட்ராவிலும் வாங்கியவர்கள். இன்னும் பழைய ஆட்கள் 1985 டிசம்பரைச் சொல்வார்கள். பான் எலக்ட்ரிக் நிறுவனம் விழுந்தபோது, பங்குகளைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று போட்ட முன்பேர ஒப்பந்தங்கள், அதாவது வேறு பெயரில் கடன், ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு சரிந்தன. சிங்கப்பூர் பங்குச் சந்தையையே மூன்று நாள் மூட வேண்டியதாயிற்று.

இதுவரை சொன்னது யாருக்கும் பொருந்தும். உங்களுக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது உங்கள் எம்ப்ளாய்மெண்ட் பாஸ்.

பங்குச் சந்தை விழும் காலமும் நிறுவனங்கள் ஆட்களைக் குறைக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றுதான். உங்கள் வேலை போனால் பாஸ் ரத்தாகும், வழக்கமாக 30 நாள் தங்க விடுவார்கள். மனைவி, குழந்தையின் பாஸும் உங்களுடையதோடு சேர்ந்ததுதான். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பலருக்கு அந்தக் கட்டத்தில்தான் ஐ.ஆர்.21 பற்றித் தெரியவருகிறது. வெளிநாட்டு ஊழியர் வேலையிலிருந்து நிற்கும்போது முதலாளி வரித்துறைக்கு அந்தப் படிவத்தைக் கொடுத்து, வரிக் கணக்கு முடியும்வரை உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். கடைசி மாதச் சம்பளம், விடுப்புப் பணம் எல்லாம் அதில் அடங்கும். ஆக, உங்களுக்குப் பணம் மிகவும் தேவைப்படும் அந்த மாதத்தில் சம்பளமே கைக்கு வராது. வீட்டு ஒப்பந்தத்தில் டிப்ளமேட்டிக் கிளாஸ், அதாவது வேலை போனால் வாடகை ஒப்பந்தத்தை இடையில் முடிக்க விடும் விதி, இல்லை என்றாலோ, இருந்தும் முதல் வருடம் முடியவில்லை என்றாலோ, வாடகை முன்பணமும் சிக்கலில். அதே நேரத்தில் 741 தவணைத் தேதி வரும். பல லோன் ஒப்பந்தங்களில், நாட்டைவிட்டுக் கிளம்பினால் மீதிக் கடன் முழுவதையும் வங்கி உடனே கேட்கலாம். அந்த நிலையில் என்ன செய்வீர்கள்? பங்கைத்தான் விற்பீர்கள், அன்றைக்கு என்ன விலையோ அந்த விலைக்கு. மார்ஜின் கால் வராத பர்சனல் லோன்கூட இப்படித்தான் மார்ஜினாக மாறுகிறது. உங்கள் விஷயத்தில் கூப்பிடுவது தரகு நிறுவனம் இல்லை, உங்கள் கம்பெனியின் மனிதவளப் பிரிவு.

கட்டாமல் ஊருக்குப் போய்விடலாம் என்று சிலர் காதில் ஓதுவார்கள். 15,000 வெள்ளிக் கடனுக்கே இங்கே திவால் வழக்குப் போட முடியும். மறுபடி இந்த ஊரில் வேலை பார்க்கும் எண்ணம் இருப்பவர் நினைத்தும் பார்க்கக் கூடாத வழி அது.

மற்ற கடன்களைப் பற்றியும் யாராவது கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பூஜ்ய வட்டி பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது கிரெடிட் கார்டு கடன் வரம்பிலிருந்து வங்கி தரும் குறுகிய காலக் கடன், ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு மட்டும், முன்கூட்டியே ஒரு கட்டணம் பிடிப்பார்கள். கெடு முடிந்த அன்று மீதி இருந்தால் கிரெடிட் கார்டு அளவு வட்டி, வருடம் 25 விழுக்காட்டுக்கு மேல். பங்கு ஆறு மாதத்தில் எழும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அடகுக் கடையில் சட்டப்படி மாதம் ஒன்றரை விழுக்காடு வரை வட்டி, வருடத்துக்கு 18, அதுவும் ஆறு மாதக் கெடு. உரிமம் பெற்ற வட்டிக் கடை மாதம் 4 வரை வாங்கலாம், பங்கு வாங்க அந்தப் படியையே ஏறாதீர்கள். நிரந்தரவாசிகள், குடிமக்கள் தங்கள் ஓய்வுகாலச் சேமிப்பான மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கில் 20,000 போக மீதியில் ஒரு பகுதியைப் பங்குகளில் போடலாம். அது கடன் இல்லை, யாரும் போன் செய்ய மாட்டார்கள். ஆனால் சும்மா இருந்தாலே இரண்டரை விழுக்காடு தரும் பணம் அது, அதைத் தாண்டிச் சம்பாதிக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. கடனில் அமெரிக்கப் பங்கு வாங்கி ஈவுத்தொகையில் வட்டி கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: அங்கே ஈவுத்தொகையில் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள்.

யாருக்குமே கடன் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்து, வேலை உறுதியாக இருந்து, ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருந்து, தவணை சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கி, வட்டி மாறாத கடனாகவும் இருந்து, தனிப் பங்குக்குப் பதில், குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வைத்திருக்கும் குறியீட்டு நிதியை வாங்கப்போகிறவர் ஒருவர் கேட்டால், நான் செய்யமாட்டேன், நீங்கள் செய்தால் தடுக்கமாட்டேன் என்பேன். மார்ஜின் என்றால் அவரையும் தடுப்பேன்.

நீங்கள் என்ன செய்யலாம்? வாடகை, சாப்பாடு, குழந்தைச் செலவு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து மாதம் 4,000-க்கு மேல் ஆகும் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் 24,000 ஆறு மாதச் செலவுக்குக்கூட முழுசாகப் போதாது. அது முதலீட்டுப் பணமே இல்லை. அதை அப்படியே வைத்திருங்கள். வங்கிக் கணக்கில் தூங்குவது பிடிக்கவில்லையென்றால் ஒரு பகுதியைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போடலாம். எந்த மாதமும் திருப்பி எடுக்கலாம், முதலுக்குச் சேதம் இல்லை, வெளிநாட்டவரும் வாங்கலாம்.

பங்குக்கு அந்த 741 இருக்கிறது. மாதாமாதம் சம்பளம் வந்த மறுநாள் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டைப் பின்பற்றும் நிதியில் போடுங்கள். அதில் மூன்று உள்ளூர் வங்கிகளும் பெரிய பங்கு வகிக்கின்றன, ஆகவே உங்களுக்குப் பிடித்தவற்றை நீங்கள் விட்டுவிடவில்லை. ஒரு காலத்தில் ஒரு லாட், அதாவது சந்தையில் வாங்கக்கூடிய குறைந்தபட்ச அளவு, 1,000 பங்கு. ஒரு வங்கிப் பங்கு வாங்கவே பத்தாயிரக்கணக்கில் வேண்டும், சிறிய ஆட்கள் கான்ட்ராவுக்கும் கடனுக்கும் போனதற்கு அது ஒரு பெரிய காரணம். 2015 ஜனவரியில் லாட் 100 ஆகக் குறைந்தது. மாதம் 100 வெள்ளிக்கே வாங்கும் திட்டங்களும் வந்துவிட்டன. சந்தை இன்னும் இறங்கினால் அதே 741-க்கு அதிக யூனிட் கிடைக்கும். ஏறினால் ஏற்கெனவே வாங்கியது ஏறியிருக்கும். வேலைக்கு ஏதாவது ஆனால் அந்த மாதம் வாங்காமல் நிறுத்திவிடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒருவேளை இதைப் படிக்கும்போதே லோன் பணம் கணக்கில் விழுந்திருந்தால், முதலில் ஒப்பந்தத்தை எடுத்து முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் அது மூன்று வருட வட்டியைவிடக் குறைவாகவே இருக்கும், கட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பங்கும் வாங்கிவிட்டீர்கள் என்றால் பதறி விற்க வேண்டாம். இனிமேல் எதுவும் சேர்க்காமல், ஆறு தவணைக்கான பணம், ஏறக்குறைய 4,450 வெள்ளி, தனியாக ஒதுக்குங்கள். வரும் ஈவுத்தொகையையும் அதிலேயே போடுங்கள். மார்ஜின் கணக்கு ஏற்கெனவே திறந்து வாங்கியிருந்தால், சந்தை ஏறும் நாள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விற்று, விகிதம் 250-ஐத் தாண்டும்வரை கடனைக் குறையுங்கள். அதைச் செய்ய வேண்டியது போன் வருவதற்கு முன்னால்.